சாங்கியில் பத்து மணி நேரம்: கையில் உண்மையில் எவ்வளவு?

விமான டிக்கெட் தேடும்போது விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘சிங்கப்பூர், 10 மணி 00 நிமிடம்’. விலை குறைவாக இருந்தால் அந்த வரியை ஒரு தண்டனை மாதிரி ஏற்றுக்கொண்டு பணத்தைக் கட்டிவிடுகிறோம். போய் இறங்கியதும் பெரும்பாலானோர் செய்வது இரண்டில் ஒன்று. ஒன்று, பத்து மணி நேரமும் நாற்காலியில் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனை நோண்டுவது. இன்னொன்று, “அதான் பத்து மணி நேரம் இருக்கே, ஊரையே ஒரு ரவுண்டு அடிச்சிடலாம்” என்று கிளம்பி, நாலு இடத்தில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, திரும்பும் வழியெல்லாம் மணியைப் பார்த்துப் பார்த்து வயிறு கலங்கி வருவது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், கொஞ்சம் வரைபடம் பார்க்க வேண்டும். சாங்கி வழியாகப் பலமுறை போய்வந்ததில் சேர்ந்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். சாங்கியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் அங்கே நேரடி விமானம் இருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் என்று போகிற நம்மூர்க்காரர்களில் பலருக்கு இடைநிலையம் அதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையைப் பார்க்க முதல்முறை தனியாகப் பறக்கிற அப்பா அம்மாக்களும் அதில் நிறைய.

முதல் கேள்வி: வெளியே விடுவார்களா?

எங்கே போகலாம் என்பதற்கு முன்னால் இந்தக் கேள்வி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஆனால் இடைவழிப் பயணிகளுக்கு 96 மணி நேர விசா விலக்கு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய எட்டு நாடுகளில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ கையில் இருக்க வேண்டும். மூன்றாவது நாட்டுக்குப் போகிற அல்லது அங்கிருந்து வருகிற பயணமாக இருக்க வேண்டும். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட் இருக்க வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் விசாவுக்கும், திரும்பி வரும் பயணத்துக்கும் தனி நிபந்தனைகள் உண்டு. அதனால் சிங்கப்பூர் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் பக்கத்தில் பயணத்துக்கு முந்தைய வாரம் ஒருமுறை படித்துவிடுங்கள். இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குக் குறுகிய வருகைக்கு விசாவே வேண்டாம்.

தகுதி இருந்தாலும் உள்ளே விடுவதா என்று கடைசியில் தீர்மானிப்பவர் கவுன்டரில் இருக்கும் அதிகாரி. ஆஸ்திரேலிய விசா கடவுச்சீட்டில் ஒட்டப்படுவதில்லை, மின்னஞ்சலில் கடிதமாகத்தான் வரும். அதை அச்செடுத்து, அடுத்த விமானத்தின் டிக்கெட்டையும் அச்செடுத்துக் கையிலேயே வைத்திருங்கள். கவுன்டரில் நின்று போனில் தேடிக்கொண்டிருப்பது பதற்றத்தைத்தான் கூட்டும்.

இன்னொன்று, மின்வருகை அட்டை. வெளியே போவதாக இருந்தால் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் இதை நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது. இதற்குக் காசு கேட்கும் இணையதளங்கள் இருக்கின்றன. அவை அரசுடையவை அல்ல. டிரான்சிட் பகுதியை விட்டு வெளியே வராதவர்களுக்கு இந்த அட்டை தேவையில்லை.

ஒரே டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

சென்னை–சிங்கப்பூர்–மெல்பர்ன் என்று ஒரே பதிவெண்ணில் வாங்கினால், பெரிய பெட்டியைச் சென்னையிலேயே மெல்பர்ன் வரைக்கும் போட்டுவிடலாம். முதல் விமானம் தாமதமானால் அடுத்த விமானத்துக்கு வழி செய்வது அவர்கள் பொறுப்பு. காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு மலிவு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கினால் இது இரண்டுமே பெரும்பாலும் கிடையாது. பெட்டி சிங்கப்பூரில் சுற்றும் பட்டையில் வந்து விழும். அதை எடுக்க நீங்கள் குடிநுழைவைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதாவது, ஊர் சுற்றுகிற எண்ணமே இல்லாவிட்டாலும் சிங்கப்பூருக்குள் நுழையும் தகுதி உங்களுக்கு வேண்டும். அது இல்லையென்றால் சென்னை கவுன்டரிலேயே விமானத்தில் ஏற்ற மறுக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மலிவு டிக்கெட்டை இப்படித் தனித்தனியாக வாங்கி, ஊரிலேயே கவுன்டரில் ஒன்றரை மணி நேரம் நின்றது. பெரியவர்கள் இரண்டு பேர், பெட்டி நாலு. கடைசியில் கைப்பைக்குள் அடங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு பெட்டியை வழியனுப்ப வந்தவர்களிடம் கொடுத்துவிட்டு ஏறினார்கள். மிச்சம் பிடித்த தொகையைவிட அந்தப் பெட்டிகளைப் பிறகு அனுப்பிய செலவு அதிகம். டிக்கெட் வாங்கும்போதே ‘பெட்டி கடைசி ஊர் வரைக்கும் போகுமா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

பெட்டி கையில் வந்துவிட்டாலும் அதை இழுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம். சாங்கியில் கட்டணம் வாங்கிக்கொண்டு பெட்டியை வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன.

கணக்கு: ஐந்தைக் கழியுங்கள்

பத்து மணி நேரம் என்பது தரை தொடுவதிலிருந்து மேலே எழும்புவது வரை உள்ள நேரம். அதில் உங்களுக்கு எவ்வளவு?

காலை 6 மணிக்கு இறங்கி மாலை 4 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். விமானம் நின்று, கதவு திறந்து, நடந்து, குடிநுழைவில் வரிசை நின்று வெளியே வர ஒரு மணி நேரம். மணி 7. ரயிலில் ஊருக்குள் போக, காத்திருப்பையும் மாறி ஏறுவதையும் சேர்த்து ஐம்பது நிமிடம். மணி 7.50.

இப்போது கடைசியிலிருந்து பின்னோக்கி வருவோம். 4 மணி விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், 1.30க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். அதற்கு 12.40க்கு ஊரில் ரயில் நிலையத்துக்குள் நுழைந்தாக வேண்டும். ஆக, ஊரில் கிடைப்பது 7.50 முதல் 12.40 வரை. நாலே முக்கால் மணி நேரம், கூட ஐந்து நிமிடம்.

சுலபமாக நினைவில் வைத்துக்கொள்ள: மொத்த நேரத்தில் ஐந்தைக் கழியுங்கள். எட்டு மணி நேரம் என்றால் மூன்று. ஏழு என்றால் இரண்டு. ஆறு என்றால் ஒன்று, அந்த ஒரு மணி நேரத்துக்காக வெளியே போவது வீண் அலைச்சல்.

“சிங்கப்பூர்ல எல்லாம் மெஷின் மாதிரி நடக்கும், எதுக்கு ரெண்டரை மணி நேரம்?” என்று கேட்பார்கள். காரணங்கள் இருக்கின்றன. சாங்கியின் முதல் மூன்று டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை அந்தந்த விமானத்தின் கேட் வாசலில்தான் நடக்கிறது. அதனால் கேட்டுக்கு முன்கூட்டியே போய்விட வேண்டும். நாலாவது டெர்மினல் தனிக் கட்டடம். மற்றதிலிருந்து அங்கே போகப் பேருந்து பிடிக்க வேண்டும். அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் கையில் இல்லையென்றால் செக்-இன் வரிசையும் சேரும். சிங்கப்பூரின் ஈரப்புழுக்கத்தில் நாலு மணி நேரம் நடந்துவிட்டு, குளிக்காமல் இன்னொரு எட்டு மணி நேரம் பறப்பது உங்களுக்கும் கஷ்டம், பக்கத்து இருக்கைக்காரருக்கும் கஷ்டம். டிரான்சிட் பகுதியில் கட்டணக் குளியலறைகள் உண்டு. நான் எப்போதும் போகும்போது குளிப்பதில்லை, திரும்பி வந்துதான் குளிப்பேன். அந்த இரண்டரை மணி நேரத்தில் அதுவும் அடக்கம்.

கைக்கடிகாரத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. போன் தானாக மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எல்லாம் அந்தந்த ஊர் நேரம். பெரியவர்களின் கடிகாரத்தை இறங்கியதும் திருப்பி வைத்துவிடுங்கள்.

நேரத்துக்கு ஏற்ற இடம்

நம்மூர் விமானங்களில் பல இரவில் கிளம்பி விடிகாலையில் சாங்கியில் இறங்குகின்றன. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கே இருப்பதால் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் விடியும், ஏழு மணிக்குத்தான் அடையும். ஆறு மணிக்கு வெளியே வந்தால் இருட்டுத்தான். பெரிய அங்காடிகள் பத்து, பதினொன்றுக்கு மேல்தான் திறக்கும். அருங்காட்சியகங்களும் அப்படித்தான், சிலவற்றுக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

காலை ஏழரை எட்டு மணிக்கு ஊரில் உயிரோடு இருப்பவை கோயில்களும் உணவங்காடிகளும்தான். கோயில்கள் நம்மூர் மாதிரியே நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதனால் காலையில் இறங்குகிறவர்களுக்குப் பழைய தெருக்கள் பொருந்தும். மாலையில் இறங்கி நள்ளிரவில் கிளம்புகிறவர்களுக்கு மரினா பே பக்கம் பொருந்தும். பேஃபிரண்ட் நிலையத்தில் இறங்கினால் கரையோரப் பூந்தோட்டத்தின் பெரிய இரும்பு மரங்கள் நடக்கும் தூரத்தில். மாலை 7.45க்கும் 8.45க்கும் அங்கே ஒளிக்காட்சி, கீழே நின்று பார்க்கக் கட்டணமில்லை. ஆனால் நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும், மறுபடி காலை ஐந்தரை வாக்கில்தான். அதற்குப் பிறகு டாக்சிதான்.

ஒரு ரயில் பாதை, ஒரு நடை

நான் சொல்ல வந்த வழி இது. ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிலையங்களுக்கு இடையில் நடப்பது. நடையின் நீளம் ஒன்றரை இரண்டு கிலோமீட்டர்தான்.

இரண்டாவது டெர்மினலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கீழே எம்ஆர்டி ரயில் நிலையம். தனி டிக்கெட் வாங்க வேண்டாம், தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை இருந்தால் போதும். வெளிநாட்டு அட்டைக்கு நாளுக்கு ஒரு சிறு கட்டணம் சேரும். அப்படியும் ஒருவழிக்கு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும். டாலரை அங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அடுத்த நிலையமான எக்ஸ்போவிலேயே இறங்கி, டவுன்டவுன் பாதைக்கு மாறுங்கள். எக்ஸ்போ அந்தப் பாதையின் கடைசி நிலையம் என்பதால் உட்கார இடம் கிடைக்கும். நேராகச் சைனாடவுன்.

நிலையத்தின் ‘ஏ’ வழியாக மேலே வந்தால் பகோடா தெரு. சீனப் பகுதியில் பகோடா தெரு என்றால் ஏதோ பௌத்த விகாரம் இருக்கும் என்று தோன்றும். தெருவின் கோடியில் நிற்பது ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரம். அந்தக் கோபுரத்தைத்தான் ‘பகோடா’ என்று சொல்லித் தெருவுக்குப் பெயர் வைத்தார்கள். கோயிலுக்கு அந்தப் பக்கத் தெருவின் பெயர் டெம்பிள் தெரு. இந்தப் பக்கம் ஒரு தெரு தள்ளி மாஸ்க் தெரு. அதன் முனையில் ஜாமியா சூலியா பள்ளிவாசல். சைனாடவுனின் நடுவில் அடுத்தடுத்து மூன்று தெருக்களுக்குத் தமிழர்களின் வழிபாட்டிடங்களை வைத்துப் பெயர் வந்திருக்கிறது.

மாரியம்மன் கோயில் 1827இல் தொடங்கியது, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். முதலில் மரமும் கீற்றுமாகத்தான் இருந்தது. இதற்குப் பின்னால் இருந்தவர் நாராயண பிள்ளை. 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர். இங்கே செங்கல் சூளை போட்டுத் தொழில் நடத்தினார். கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயர் தெருவில்தான் இடம் கொடுத்தார்கள். பூசைக்கு வேண்டிய நல்ல தண்ணீர் அங்கே இல்லாததால் அது தோதுப்படவில்லை. பிறகு கிடைத்த இடம் இந்தச் சவுத் பிரிட்ஜ் சாலை. ஆண்டுதோறும் தீமிதி நடப்பதும் இங்கேதான்.

ஜாமியா பள்ளிவாசல் இதற்கும் ஒரு வருஷம் மூத்தது, 1826. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களுக்கு அங்கே வழங்கிய பெயர். வாசலில் இரண்டு பக்கமும் எண்கோணக் கோபுரங்கள் நிற்கும். நாகூர் பக்கம் போனவர்களுக்குப் பார்த்த மாதிரி இருக்கும். தொழுகை நேரத்திலும் வெள்ளிக்கிழமை மதியத்திலும் பார்வையாளர்கள் உள்ளே போகாமல் இருப்பது முறை. முழங்கால் மறைகிற உடையாகப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

திரும்பி அதே சாலையில் தெற்கே நடந்தால் புத்தர் பல் கோயில். பழையது மாதிரி இருக்கும், திறந்தது 2007இல். எதிரே மேக்ஸ்வெல் உணவங்காடி. சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. காலை உணவை இங்கே வைத்துக்கொள்ளலாம். காப்பி வாங்கும்போது ஒரு சின்னப் பாடம்: ‘கோப்பி’ என்றால் கெட்டிப் பால், சர்க்கரை போட்டது. ‘கோப்பி ஓ’ என்றால் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும். ‘கோசோங்’ சேர்த்துச் சொன்னால் சர்க்கரையும் இல்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மேக்ஸ்வெல்லில் தேர்வு குறைவு. அவர்கள் விமானத்தில் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு வருவது நல்லது. அல்லது நடையைச் சுருக்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் தேக்கா பக்கம் போகலாம்.

மேக்ஸ்வெல்லிலிருந்து ஆன் சியாங் குன்று வழியாக இறங்கினால் பத்து நிமிடத்தில் தெலுக் ஆயர் தெரு. இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தெலுக் என்றால் மலாயில் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இன்றைக்குச் சுற்றிலும் வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள், கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கடலைத் தூர்ப்பதற்கு முன்னால் இந்தத் தெருதான் கரை. கப்பலில் வந்தவர்கள் படகில் இறங்கிக் கால் வைத்த இடம்.

அதனால்தான் ஒரே வரிசையில் இவ்வளவு வழிபாட்டிடங்கள். முதலில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஒரு குடிசையாகத் தொடங்கியது, தமிழர்கள் வாயில் ‘குச்சுப் பள்ளி’. அடுத்து தியான் ஹோக் கெங் கோயில், 1839க்கும் 1842க்கும் இடையில் கட்டியது. கடல் தெய்வமான மாசுவுக்கு உரியது. உயிரோடு வந்து சேர்ந்த சீனத் தொழிலாளர்கள் முதலில் நன்றி சொல்ல வந்த இடம். இன்னும் கொஞ்சம் நடந்தால் நாகூர் தர்கா. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது.

நாகூரார் கடலோடிகளின் காவலர் என்று நம்மூரில் நம்பிக்கை உண்டு. தென்சீனத்திலிருந்து புறப்பட்டவர்கள் மாசுவை வேண்டிக்கொண்டு ஏறினார்கள், சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்டவர்கள் நாகூராரை வேண்டிக்கொண்டு ஏறினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே கரையில் இறங்கி, சில நூறு அடி இடைவெளியில் தங்கள் நன்றியைக் கட்டடமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறது. வழிகாட்டி யாரும் இல்லாமலே, தெருவில் நடந்து பார்த்தாலே இது விளங்கும். நான்கு மணி நேரத்தில் ஒரு ஊரைப் பற்றி இதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தெருக்கோடியிலேயே தெலுக் ஆயர் ரயில் நிலையம். அங்கே ஏறினால் அதே பாதை, அதே எக்ஸ்போ.

அம்மாவை மெல்பர்னுக்கு அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனபோது இந்த நடையைத்தான் நடந்தோம். அவருக்கு எழுபது வயது, முழங்கால் வலி. மாரியம்மன் கோயிலில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். மேக்ஸ்வெல்லில் முக்கால் மணி நேரம். தெலுக் ஆயரில் நடுவே இருக்கிற சின்னப் பூங்காவில் மறுபடி உட்கார்ந்தார். எல்லாம் சேர்த்தும் பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது. மிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதில் இன்னொரு இடத்தைச் செருகாமல் நிதானமாகத் திரும்பினோம். மழை வந்தால், ரயில் நின்றால், கால் வலித்தால் அந்த ஒரு மணி நேரம்தான் காப்பாற்றும். அதை நிரப்பிவிடாதீர்கள்.

தேக்காவுக்குப் போகிறவர்களுக்கு

லிட்டில் இந்தியாவுக்குத்தான் போவேன் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதுவும் டவுன்டவுன் பாதையில்தான் இருக்கிறது. ஆனால் எக்ஸ்போவிலிருந்து வரும் ரயில் ஊருக்குள் ஒரு பெரிய சுற்று சுற்றிவிட்டுத்தான் லிட்டில் இந்தியாவைத் தொடும். அதற்கு வெகு முன்னாலேயே ஜாலான் புசார் என்று ஒரு நிலையம் வரும். அங்கேயே இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சிராங்கூன் சாலை. பத்து நிலையங்கள் மிச்சம்.

அங்கே வீரமாகாளியம்மன் கோயில், தைப்பூச ஊர்வலம் கிளம்பும் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில், தேக்கா சந்தை, 1947இலிருந்து நடக்கும் கோமள விலாஸ் எல்லாம் ஒரே சாலையை ஒட்டி. காம்பெல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம், திங்கள் விடுமுறை. ஆனால் ஒன்று சொல்வேன். ஊரிலிருந்து வந்து நாலு மணி நேரத்தில் மறுபடி மல்லிகைப்பூவும் தோசையும் பார்ப்பது, முதல்முறை வெளிநாடு வருகிற பெரியவர்களுக்கு ஆறுதல். மற்றவர்களுக்குத் தெலுக் ஆயரில் கிடைப்பது அதிகம்.

பையில் என்ன இருக்கிறது?

டிரான்சிட் பகுதியில் இருக்கும்வரை நீங்கள் பயணி. வெளியே காலடி வைத்ததும் பையில் இருப்பதெல்லாம் சிங்கப்பூருக்குள் கொண்டுவந்த பொருள். சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கே கிடையாது. ஒரு பாக்கெட் என்றாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மின்சிகரெட் முழுத் தடை. சூயிங்கம் இறக்குமதிக்கு 1992 முதல் தடை. நம் வீட்டு மசாலாப் பொட்டலத்தில் இருக்கக்கூடிய கசகசாவுக்கும் கட்டுப்பாடு உண்டு, அதைக் கைப்பையில் வைக்காதீர்கள். தண்ணீர் பாட்டிலை வெளியே நிரப்பிக்கொள்ளலாம், குழாய்த் தண்ணீரே குடிக்கத் தகுந்தது. ஆனால் கேட் வாசல் சோதனைக்கு முன் காலி செய்துவிட வேண்டும்.

வெளியே போக முடியாதவர்களுக்கு

விசா இல்லை, அல்லது நேரம் போதவில்லை என்றால் அது ஒன்றும் குறையில்லை. டிரான்சிட் பகுதிக்குள்ளேயே மூன்றாவது டெர்மினலில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம், இலவசத் திரையரங்கு, சாய்ந்து படுக்க நாற்காலிகள் எல்லாம் இருக்கின்றன. மணிக்கணக்கில் அறை தரும் டிரான்சிட் ஹோட்டலும் உண்டு. இரவு முழுக்கப் பறந்து வந்த எழுபது வயதுக்காரருக்குச் சில சமயம் நாலு மணி நேரத் தூக்கமே பெரிய சுற்றுலா.

ஒரு எச்சரிக்கை. படங்களில் பார்த்திருப்பீர்களே, கண்ணாடிக் கூரையிலிருந்து 40 மீட்டர் உயரத்துக்கு அருவி கொட்டும் ஜுவல், அது டிரான்சிட் பகுதிக்குள் இல்லை. குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்தால்தான் போக முடியும். விசாவும் விலக்கும் இல்லாமல் அதை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள்.

இடைவெளி அஞ்சரை மணி நேரத்துக்கு மேல், 24 மணி நேரத்துக்குள் என்றால் விமான நிலையமே நடத்தும் இலவசச் சுற்றுலா இருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், பேருந்தில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நம் ஐந்து மணி நேரக் கழித்தலுக்கு இது விதிவிலக்கு, ஏனென்றால் திரும்பி வரும் பொறுப்பு அவர்களுடையது. இதற்கும் நுழைவுத் தகுதி வேண்டும். முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

சுருக்கமாக

ஆறு மணி நேரம் வரை: உள்ளேயே இருங்கள், தகுதி இருந்தால் ஜுவல் வரை போய் வாருங்கள், அல்லது இலவசச் சுற்றுலா. ஏழு: துணிந்தவர்களுக்கு ஒரே ஒரு இடம். எட்டு முதல் பதினொன்று: ஒரு பகுதி, ஒரு நடை, ஒரு சாப்பாடு. பன்னிரண்டுக்கு மேல்: ஒரு நடையும் ஒரு தூக்கமும், இரண்டுமே வேண்டும்.

டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும். பெட்டி கடைசி ஊர் வரை போகுமா? வெளியே விடுவார்களா? ஐந்தைக் கழித்தால் என்ன மிச்சம்? மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்த ‘10 மணி 00 நிமிடம்’ என்ற வரி தண்டனையா, கூடக் கிடைத்த ஒரு ஊரா என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.